7. சர்வருக்கு பேக்கப் அமைத்தல்: டேட்டாபேஸ், ஃபைல்கள், பூட்டிய தரவு

பள்ளிப்பட்டில் லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அலுவலகத்தை இந்த அத்தியாயத்துக்கு மாதிரியாக வைத்துக்கொள்வோம். பாவும் ஊடை நூலும் கொடுத்து, பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை விசைத்தறிக்காரர்களிடம் கூலிக்கு நெய்து வாங்கும் கடை. எல்லை தாண்டி நகரியிலும் கொடுக்கல் வாங்கல் உண்டு. அதனால் கணக்கில் தமிழ்ப் பெயரும் தெலுங்குப் பெயரும் கலந்தே இருக்கும்.

அங்கே உள்ளவை: லினக்ஸ் சர்வர் ஒன்று. அதில் மரியாடிபி டேட்டாபேஸில் நூல் இருப்பு, தறி வாரியான கூலி, பில். அதே சர்வரில் டிசைன்களும் படங்களும் உள்ள பொது ஃபோல்டர். டேலி ஓடும் விண்டோஸ் கணினி ஒன்று. பிட்லாக்கர் போட்ட முதலாளியின் லேப்டாப். தறிக்காரர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரங்களை வைத்திருக்கும் ஒரு வெராகிரிப்ட் பெட்டகம்.

இவை எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டர் நகல் வேலையாக ஓடவிட்டால் வேலை முடிந்ததாகத்தான் திரை காட்டும். திரும்ப எடுக்கும் நாளில் டேட்டாபேஸ் திறக்காது, பெட்டகத்தில் பழைய பட்டியல் இருக்கும், லேப்டாப் தரவோ பூட்டில்லாமல் கிடக்கும். டேட்டாபேஸ், ஃபைல்கள், பூட்டிய தரவு என்ற மூன்று வகைக்கும் மூன்று விதமான ஏற்பாடு தேவை.

எந்த மென்பொருள்?

இங்கே எடுத்துக்கொள்வது பேரியோஸ். பேக்குலாவிலிருந்து 2010-ல் பிரிந்து வளர்ந்த திறமூல மென்பொருள், உரிமக் கட்டணம் இல்லை. வீம், நெட்பேக்கப், கம்வால்ட் போன்ற கட்டண மென்பொருள் உங்களிடம் இருந்தாலும் வேலையின் வரிசை இதுதான். பெயர்கள் மட்டும் மாறும்.

நான்கு உறுப்புகளைத் தெரிந்துகொண்டால் போதும். எதை, எப்போது எடுப்பது என்று உத்தரவிடுவது டைரக்டர். நகலை வாங்கி வட்டில் எழுதுவது ஸ்டோரேஜ் டீமன். ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து ஃபைல்களைப் படித்துத் தருவது ஃபைல் டீமன். எந்த ஃபைல் எந்த நாளில் எந்த வால்யூமில் (நகல் எழுதப்படும் கொள்கலன்) போனது என்ற பேரேடு கேட்டலாக்.

மென்பொருளைத் தொடுவதற்கு முன்

1. ஒரு தாளில் இரண்டு கேள்விக்கு முதலாளியிடம் பதில் வாங்குங்கள். எத்தனை மணி நேரக் கணக்கு போனால் கையால் மறுபடி பதிந்துகொள்ள முடியும்? கடை எத்தனை மணி நேரம் கணினி இல்லாமல் ஓடும்? “ஒன்றும் போகக் கூடாது” என்றுதான் முதலில் சொல்வார். சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா நாளை எடுத்துக்காட்டிக் கேட்டால் நிஜமான பதில் வரும்.

2. பேக்கப்புக்குத் தனிக் கணினி ஒதுக்குங்கள். பழைய கணினியே போதும்; 2 டிபி வட்டு, யூபிஎஸ் இருக்க வேண்டும். வெளியே எடுத்துச் செல்ல இரண்டு எக்ஸ்டர்னல் வட்டுகளும் தேவை. அந்தக் கணினியின் கடவுச்சொல் சர்வரின் கடவுச்சொல்லாக இருக்கக் கூடாது; பொது ஃபோல்டராகவும் அதைப் பகிரக் கூடாது. 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டபோது 5 சர்வர்களில் சுமார் 1.3 டிபி தரவு பூட்டப்பட்டது. தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால்தான் இ-ஹாஸ்பிடல் தரவை மீட்டுப் புதிய சர்வர்களில் ஏற்ற முடிந்தது.

3. எக்ஸ்டர்னல் வட்டு எங்கே தங்கும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுப் பகுதியின் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. ஆற்றின் அதே கரையில், அடுத்த தெருவில் வைத்த நகல் வெளியூர் நகல் ஆகாது. திருத்தணியில் உறவினர் வீடு, ஆடிட்டர் அலுவலகம் என்று மேட்டில் ஓர் இடம் பாருங்கள்.

4. டைரக்டருக்கு 9101, ஃபைல் டீமனுக்கு 9102, ஸ்டோரேஜ் டீமனுக்கு 9103. இந்த மூன்று போர்ட்டுகளையும் அலுவலக வலைக்குள் மட்டும் திறங்கள். ரூட்டரில் வெளியுலகுக்குத் திறந்துவிட வேண்டாம்.

முதல் வகை: டேட்டாபேஸ்

ஓடிக்கொண்டிருக்கும் மரியாடிபியின் தரவு ஃபோல்டரை அப்படியே நகல் எடுப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. நகல் எடுக்க ஆகும் இருபது நிமிடத்தில் முதல் ஃபைல் ஒரு நேரத்தையும் கடைசி ஃபைல் வேறொரு நேரத்தையும் காட்டும். முதலில் டம்ப், அதாவது டேட்டாபேஸின் உள்ளடக்கத்தை எழுதிய தனி ஃபைல், எடுக்க வேண்டும். பேரியோஸ் அந்த டம்பைக் கொண்டுபோகும்.

5. டம்ப் எடுக்கும் ஸ்கிரிப்ட்டில் “சிங்கிள் டிரான்ஸாக்ஷன்” விருப்பத்தைச் சேருங்கள். பில் போடுவது நிற்காமலே ஒரே நொடியின் நிலை கிடைக்கும். இது இன்னோடிபி டேபிள்களுக்கு மட்டுமே பொருந்தும். பழைய பில்லிங் மென்பொருளில் மைஐசாம் டேபிள்கள் இருந்தால், கடை மூடிய பிறகு பூட்டு போட்டு எடுக்க வேண்டும். ரொட்டீன், ஈவென்ட் ஆகியவற்றையும் சேர்க்கும் விருப்பங்களைக் கேட்டு வாங்குங்கள். அவை தானாக வராது.

6. போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துபவர்கள் பிஜி டம்ப்போடு நிறுத்தக் கூடாது. பயனர் கணக்குகள் அதில் வருவதில்லை. பிஜி டம்ப்ஆல் கருவியில் “குளோபல்ஸ் ஒன்லி” கொடுத்துத் தனியாக எடுங்கள்.

7. டம்பை நேராக ஜிசிப்புக்குக் குழாய் வழி அனுப்பினால், ஸ்கிரிப்ட்டின் தலையில் “பைப்ஃபெயில்” அமைப்பைப் போடுங்கள். இல்லாவிட்டால் டம்ப் தோற்றாலும் ஜிசிப் வெற்றி என்று சொல்லிவிடும். காலியான உள்ளீட்டிலிருந்து ஜிசிப் 20 பைட் ஃபைல் ஒன்றை உண்டாக்கும். பெயரும் தேதியும் சரியாக இருக்கும்; உள்ளே ஒன்றும் இருக்காது.

8. அதனால் ஸ்கிரிப்ட்டிலேயே ஒரு சோதனை வையுங்கள். இன்றைய டம்ப் நேற்றையதில் பாதிக்கும் குறைவாக இருந்தால் பிழைக் குறியோடு வெளியேற வேண்டும். தற்காலிகப் பெயரில் எழுதி, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் நிஜப் பெயருக்கு மாற்றுங்கள்.

9. பேரியோஸ் ஜாப்பில் “கிளையன்ட் ரன் பிஃபோர் ஜாப்” என்ற இடத்தில் இந்த ஸ்கிரிப்ட்டைக் கொடுங்கள். ஸ்கிரிப்ட் பிழையோடு முடிந்தால் ஜாப்பும் தோற்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். காலையில் தோல்விச் செய்தி வந்து எரிச்சல்படுவது, பழைய டம்பைப் புதிது என்று நம்புவதைவிட நல்லது.

10. தோல்விச் செய்தி உண்மையில் வந்து சேருகிறதா என்று பாருங்கள். 2017 ஜனவரி 31-ல் கிட்லாப் நிறுவனத்தில் நடந்தது இதற்கான பாடம். தவறான சர்வரில் சுமார் 300 ஜிபி டேட்டாபேஸ் அழிக்கப்பட்டது. அன்றாட டம்பைத் தேடினார்கள், இல்லை. டேட்டாபேஸ் 9.6, டம்ப் கருவி 9.2; பதிப்பு பொருந்தாமல் அது நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வர் ஏற்காமல் திருப்பியிருந்தது. வேறொரு காரணத்துக்காக எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட் ஒன்றால் தப்பித்தார்கள். அப்படியும் சுமார் 6 மணி நேரத் தரவு போயிற்று. வெற்றிச் செய்தியையும் நாள்தோறும் வரவழையுங்கள். ஒருநாள் ஒன்றுமே வரவில்லை என்றால் அதுவும் ஒரு செய்தி.

குறிப்பு: டேலியை ஓடும் நிலையில் நகல் எடுக்காமல், நாள் முடிவில் அதன் சொந்த பேக்கப் வசதியால் ஒரு ஃபோல்டரில் எடுத்து, அந்த ஃபோல்டரை பேரியோஸுக்குக் காட்டுங்கள். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு ஏஜென்ட் வசதி கிடையாது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறிக்க வேண்டும்.

இரண்டாம் வகை: ஃபைல்கள்

எதை எடுப்பது, எதை விடுவது என்ற பட்டியல்தான் ஃபைல்செட். சிறிய வேலைதான், ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது.

11. ஃபைல்செட்டில் ரூட் ஃபோல்டரை மட்டும் எழுதிவிட்டு எல்லாம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். “ஒன்எஃப்எஸ்” என்ற அமைப்பு இயல்பாகவே “ஆம்” என்று இருக்கும். வேறு பார்ட்டிஷனாக மவுன்ட் செய்யப்பட்ட ஃபோல்டருக்குள் அது நுழையாது. டிசைன் ஃபோல்டர் தனி வட்டில் இருந்தால் பேக்கப்பில் அந்த ஃபோல்டரின் பெயர் மட்டும் இருக்கும், உள்ளே காலி. இந்த அமைப்பை “இல்லை” என்று மாற்றுவதைவிட ஒவ்வொரு மவுன்ட்டையும் பெயர் சொல்லிச் சேர்ப்பதே எனக்குப் பிடித்த வழி. “இல்லை” என்று வைத்தால் செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் வட்டையும் அது சேர்த்து இழுக்கும்.

12. ஓடும் டேட்டாபேஸின் தரவு ஃபோல்டர், தற்காலிக ஃபோல்டர்கள், பேரியோஸின் சொந்த வால்யூம் ஃபோல்டர் ஆகியவற்றை விலக்குப் பட்டியலில் போடுங்கள். கடைசியாகச் சொன்னதை மறந்தால் நகலுக்குள் நகல் என்று வட்டு நிறையும்.

13. பழைய டிசைன் ஃபைல்கள் பாமினி போன்ற எழுத்துருவில் இருக்கும். எழுத்துரு ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். இல்லையேல் மீட்ட ஃபைலில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

14. தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் நீளத்தைக் கவனியுங்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ஆக 85 குறிகள். ‘கொ’வில் இரண்டு குறிகள் உள்ளன என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். ஈகிரிப்ட்எஃப்எஸ்ஸால் பூட்டிய ஃபோல்டரில் எல்லை 143 பைட், அதாவது 47 குறிகளே. விண்டோஸில் இருந்த நீளப் பெயர் இங்கே மீட்கும்போது தோற்கும்.

15. விண்டோஸ் கணினியில் விஎஸ்எஸ் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். திறந்திருக்கும் எக்ஸெல் ஃபைல்கள் அதனால்தான் கிடைக்கும்.

குறிப்பு: ஃபைல்செட்டில் ஒரு வரியை மாற்றினாலும் அடுத்த ஜாப் முழு நகலாக மாறிவிடும். வார நடுவில் மாற்றாதீர்கள்.

மூன்றாம் வகை: பூட்டிய தரவு

பூட்டு எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

பிட்லாக்கரும் லக்ஸும் வட்டைப் பூட்டுபவை. கணினி ஓடும்போது வட்டு திறந்தே இருக்கும். ஃபைல் டீமன் படிப்பது பூட்டில்லாத தரவைத்தான். பேக்கப் வட்டில் போய் உட்காருவதும் அதேதான். லேப்டாப் திருடு போனால் பாதுகாப்பு, எக்ஸ்டர்னல் வட்டு பேருந்தில் தொலைந்தால் அம்போ. எனவே பேக்கப்புக்குத் தனிப் பூட்டு வேண்டும்.

வெராகிரிப்ட் பெட்டகம் ஒரே ஃபைல். உள்ளே ஒரு வரி மாறினாலும் 20 ஜிபி பெட்டகம் முழுவதும் மறுபடி நகலாகும். அதைவிட மோசம், பெட்டகத்தின் திருத்திய தேதியை மாற்றாமல் வைப்பது வெராகிரிப்டின் இயல்பு அமைப்பு. தேதியைப் பார்த்து மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப் அதைத் தாண்டிப் போய்விடக்கூடும்.

டேட்டாபேஸுக்குள்ளேயே பூட்டு இருப்பது மூன்றாவது. டேலி வால்ட் கடவுச்சொல் மறந்தால் திறக்க வழியே இல்லை. எஸ்க்யூஎல் சர்வரில் டேட்டாபேஸ் ஃபைல்களையே பூட்டும் டிடிஇ வசதியைப் போட்டிருந்தால், அதன் சான்றிதழும் தனிச்சாவியும் இல்லாமல் வேறு கணினியில் அந்த பேக்கப் ஏறாது.

16. வெராகிரிப்ட் அமைப்புகளில் “திருத்திய நேரத்தைப் பாதுகாத்தல்” என்பதை எடுத்துவிடுங்கள். பெட்டகம் மூடியிருக்கும் நேரத்தில் மட்டும் நகல் ஓட வேண்டும். பெரிய பெட்டகத்தை ஆண்டு வாரியாகச் சிறியவையாகப் பிரியுங்கள்.

17. பேரியோஸின் பூட்டை ஒவ்வொரு ஃபைல் டீமனிலும் இயக்குங்கள். தரவு அந்தக் கணினியிலேயே பூட்டப்பட்டு வெளியே வரும்; பேக்கப் கணினியால்கூட அதைப் படிக்க முடியாது. ஓபன்எஸ்எஸ்எல் கொண்டு ஒவ்வொரு கணினிக்கும் ஒரு சாவி ஜோடி, அலுவலகத்துக்கு ஒரு மாஸ்டர் ஜோடி உருவாக்குங்கள். மாஸ்டரின் பொதுச்சாவி எல்லாக் கணினியிலும் இருக்கட்டும். தனிச்சாவி எந்தக் கணினியிலும் இருக்கக் கூடாது. ஒரு கணினி எரிந்து அதன் சாவியும் போனால் மாஸ்டர்தான் திறக்கும்.

18. இந்தப் பூட்டு ஃபைலின் உள்ளடக்கத்துக்கு மட்டுமே. பெயர்கள் கேட்டலாக்கில் அப்படியே தெரியும். ஆகவே ஆதார் எண்ணை ஃபைல் பெயராக வைக்கும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள்.

19. சுருக்குவது முதலில், பூட்டுவது பிறகு. பூட்டிய தரவு சுருங்காது. பேரியோஸ் இந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும். நீங்கள் எழுதும் ஸ்கிரிப்ட்டில்தான் மாறிப்போகும்.

20. சாவிப் பட்டியல் ஒன்று எழுதுங்கள்: பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண், லக்ஸ் ஹெடர் நகல், டேலி வால்ட் கடவுச்சொல், டிடிஇ சான்றிதழ், பேரியோஸ் மாஸ்டர் தனிச்சாவி. எண்ணும் கடவுச்சொல்லும் தாளில். சாவி ஃபைல்கள் இரண்டு பென் டிரைவில். ஒரு தொகுதி முதலாளி வீட்டுப் பீரோவில், மற்றொன்று வங்கி லாக்கரில்.

எச்சரிக்கை: சாவியை பேக்கப் வட்டோடு ஒரே பையில் வைக்காதீர்கள். பூட்டிய பேக்கப்புக்குள்ளேயே அதன் சாவியை வைப்பதும் நடக்கிறது. திறக்கப்போகும் நாள் வரை யாருக்கும் தெரிவதில்லை.

எவ்வளவு நாள் வைப்பது?

பேரியோஸ் நிறுவியவுடன் நகல் எழுத மூன்று பூல்கள், அதாவது வால்யூம் தொகுப்புகள், தயாராக இருக்கும். முழு நகலுக்கு 50 ஜிபி வால்யூம்கள் 100, டிஃபரன்ஷியலுக்கு (கடைசி முழு நகலுக்குப் பின் மாறியவை) 10 ஜிபியில் 100, இன்கிரிமென்டலுக்கு (கடைசியாக எடுத்த எந்த நகலுக்கும் பின் மாறியவை) 1 ஜிபியில் 100. கூட்டினால் 6.1 டிபி. உங்கள் வட்டு 2 டிபி. கணக்குப் போடாமல் விட்டால் சில மாதங்களில் வட்டு நிறைந்து நிற்கும்.

21. மாதம் ஒரு முழு நகல் 150 ஜிபி என்று கொண்டால், முழு பூலில் 20 வால்யூம், வைப்புக்காலம் 120 நாள். டிஃபரன்ஷியல் வாரம் ஒன்று, 30 வால்யூம், 45 நாள். இன்கிரிமென்டல் நாள்தோறும், 100 வால்யூம், 14 நாள். அதிகபட்சம் 1.4 டிபி. முழு பூலின் வைப்புக்காலத்தை இயல்பான 365 நாளாகவே விட்டு வால்யூமை மட்டும் குறைத்தால், எழுத இடமில்லாமல் ஜாப் காத்துக்கொண்டே நிற்கும்.

22. பூல் அமைப்பை மாற்றிய பிறகு, ஏற்கெனவே உள்ள வால்யூம்களுக்கு “அப்டேட்” கட்டளை கொடுங்கள். புதிய எண்கள் பழைய வால்யூம்களுக்குத் தானாகப் போவதில்லை.

23. மார்ச் 31 கணக்கு முடித்ததும் ஒரு முழு நகலை “ஆண்டு” என்ற தனி பூலில் எடுத்து வெளியூர் வட்டில் வையுங்கள். ஜிஎஸ்டி பதிவுள்ளவர்கள் ஆண்டறிக்கைக் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிந்திருந்தால் 8 நிதியாண்டு. மின்னணு முறையில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் பேக்கப் வைக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்டு முதல் விதி. மேக வசதி வாங்குவோர் தரவு எந்த நாட்டில் தங்குகிறது என்று கேளுங்கள்.

24. இரவு வரிசை: 9.30-க்கு டேலி பேக்கப், 10-க்கு டம்பும் சர்வரும், 11-க்கு லேப்டாப், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக கேட்டலாக். அத்தோடு, மீட்க எந்த வால்யூமில் எங்கே படிக்க வேண்டும் என்று சொல்லும் பூட்ஸ்ட்ராப் ஃபைலையும் வேறு இடத்துக்கு அனுப்புங்கள். பேரேடே போனால் வால்யூம்களைத் துழாவ நாள்கணக்கில் ஆகும். மின்வெட்டில் பாதியில் நின்ற முழு நகலை மறுநாள் முழுதாகவே எடுக்க “ரீரன் ஃபெயில்டு லெவல்ஸ்” அமைப்பை இயக்குங்கள்.

25. மேகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் பெருக்கிப் பாருங்கள். 10 எம்பிபிஎஸ் அப்லோடில் 100 ஜிபி போக 22 மணி நேரம் ஆகும். அன்றாட 2 ஜிபிக்கு அரை மணி போதும். முதல் நகலை வட்டில் கொண்டுபோய், மாற்றங்களை மட்டும் கம்பி வழி அனுப்புவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வெளியே போகும் வட்டு

இலங்கை அரசின் மேகக்கணினி 2023 ஆகஸ்டு 26-ல் பூட்டு வைரஸால் (ரான்சம்வேர்) தாக்கப்பட்டது. இணைப்பிலிருந்த பேக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் அன்று வரையிலான அஞ்சல்கள் திரும்பவில்லை, அந்தக் காலத்துக்கு ஆஃப்லைன் நகல் இல்லாததால். அமைப்பை 12 மணி நேரத்துக்குள் மறுபடி ஓடவைத்தார்கள். மூன்று மாத அஞ்சலை எங்கிருந்து கொண்டுவருவது?

26. வட்டு ‘அ’, வட்டு ‘ஆ’ என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். வெள்ளி இரவு ஒன்றைச் செருகி நகல் எடுத்து, சனி காலை கழற்றி அனுப்புங்கள். அது சேர்ந்த பிறகே மற்றொன்று ஊருக்குள் வர வேண்டும். இரண்டும் ஒரே மேசையில் இருக்கும் நேரம் என்று ஒன்று இருக்கவே கூடாது.

27. “சேஃப்லி ரிமூவ்” கொடுத்தே கழற்றுங்கள். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடி இறுகிய டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள்.

மீட்டுப் பார்த்தல்

28. மாதம் ஒருமுறை மீட்பு ஒத்திகை. மீட்கும் இடமாகத் தனி ஃபோல்டரைக் கொடுங்கள். ரூட்டைக் கொடுத்தால் இன்றைய ஃபைல்களின் மேல் பழையவை எழுதப்பட்டுவிடும்.

29. டம்பைச் சோதனை டேட்டாபேஸில் ஏற்றி மூன்று இடம் பாருங்கள்: கடைசி பில் எண், ஒரு தமிழ்ப் பெயர், ஒரு தெலுங்குப் பெயர். பெயர்கள் கேள்விக்குறிகளாக நின்றால் டம்ப் எடுக்கும்போதோ ஏற்றும்போதோ எழுத்துக்குறி அமைப்பு தவறியிருக்கிறது. இரண்டிலும் யுடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகக் கொடுங்கள்.

30. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கணினியில் இருக்கும் சாவியைத் தொடாமல், லாக்கரிலிருந்து எடுத்த மாஸ்டர் சாவியை மட்டும் வைத்து வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். அமைத்தவர் ஒதுங்கி நிற்கட்டும். தாளைப் பார்த்து வேறொருவர் செய்யட்டும். அவர் தடுமாறும் இடங்களில் தாளைத் திருத்துங்கள்.

31. நோட்டில் நான்கு பத்தி: தேதி, எந்த நாளின் நகல், எத்தனை மணி நேரம் ஆனது, என்ன வரவில்லை. மூன்றாவது பத்தியின் எண் முதல் படியில் முதலாளி சொன்ன நேரத்தைத் தாண்டினால், தாளை அவரிடம் காட்டி வேகமான வட்டுக்கோ இரண்டாவது சர்வருக்கோ பணம் கேளுங்கள்.

32. சர்வர் பூட்டு வைரஸில் விழுந்தது தெரிந்தால், முதலில் வலைக் கம்பியைப் பிடுங்குங்கள். கணினியை அணைக்க வேண்டாம். எக்ஸ்டர்னல் வட்டு எதையும் செருகாதீர்கள். இத்தகைய சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. மீட்பது வேறு வட்டில், புதிதாக நிறுவிய சிஸ்டத்தில். பூட்டப்பட்ட பழைய வட்டை அழிக்காமல் கழற்றித் தேதி எழுதி வையுங்கள்.